ஒரே சத்தத்தில் வைத்துக் கேட்டீர்களா?

இசைத்தட்டில் ஓடும் ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றும் சின்னப் பொருள்தான் கார்ட்ரிட்ஜ். இரண்டு கார்ட்ரிட்ஜ்களை ஒப்பிட்டேன் என்று யார் பேச வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான். பெரும்பாலும் வரும் பதில்: "வால்யூமைத் தொடவே இல்லைங்க, அப்படியே வைத்துத்தான் கேட்டேன்." நேர்மையாகச் செய்துவிட்டோம் என்ற நிம்மதியோடு சொல்வார்கள். ஆனால் தொடாமல் விட்டதில்தான் கோளாறே இருக்கிறது. ஒவ்வொரு கார்ட்ரிட்ஜும் வெளியே தரும் மின்னழுத்தம் வேறு வேறு. குமிழ் அதே இடத்தில் நின்றால் சத்தம் மாறிவிடும். சத்தம் ஒன்றாக இருக்க வேண்டுமென்றால் குமிழை நகர்த்தியே ஆகவேண்டும்.

இது எனக்குப் புரிய மூன்று மாதம் ஆயிற்று. என்னிடம் இருந்த பழைய கார்ட்ரிட்ஜ் 3.5 மில்லிவோல்ட் தரும். புதிதாக வாங்கியது 5.5. மாட்டிய அன்று இரவே வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். வயலின் ஒரு அடி முன்னால் வந்து நின்றது. பாடுகிறவர் மூச்சு இழுப்பதும், விரல் நரம்பின் மேல் வழுக்குவதும் கேட்டன. அடிநாதம் இறுகி வந்தது. இத்தனை நாள் இதையெல்லாம் கேட்காமலே இருந்துவிட்டோமே என்று உண்மையிலேயே வருத்தப்பட்டேன். பிறகு ஒருநாள் இரண்டின் விவரத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டேன். 3.5க்கும் 5.5க்கும் இடையே, சத்தத்தை அளக்கும் அலகான டெசிபலில், 3.9 டெசிபல் வித்தியாசம். 3 டெசிபல் கூடுவதற்கே ஆம்ப்ளிஃபயர் இருமடங்கு பவர் கொடுக்க வேண்டும். அதாவது அன்று இரவு நான் எல்லோருக்கும் போட்டுக் காட்டியது, அதே இசையைச் சத்தம் கூட்டி.

சத்தம் கூடினால் வெறும் சத்தம் மட்டும் கூடுவதில்லை. 1933இல் பெல் ஆய்வகத்தின் ஹார்வி ஃப்ளெட்சரும் வில்டன் மன்சனும் இதை அளந்து காட்டினார்கள். மெதுவாக வைத்துக் கேட்கும்போது தாழ்ந்த சுருதிகளை நம் காது பாதிதான் எடுத்துக்கொள்கிறது. சத்தம் ஏற ஏற அவை மேலெழுந்து வரும், இசை நிரம்பியது போலத் தோன்றும். இதைவிட மோசமானது சின்ன வித்தியாசம். 4 டெசிபல் என்றால் யாராவது ஒருவர் "சத்தமா இருக்கே" என்று சொல்லிவிடுவார். அரை டெசிபலை யாரும் சத்தம் என்று உணர மாட்டார்கள். "தெளிவு", "உயிர்", "ஆழம்" என்றெல்லாம் சொல்வார்கள். மனதாரத்தான் சொல்வார்கள். அவர்கள் காதில் பழுதில்லை.

சரி, சத்தத்தை எப்படி ஒன்றாக்குவது? 1 கிலோஹெர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனைத் தட்டு ஒன்றும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்றும் போதும். தட்டை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் ஏ.சி. வோல்டைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கார்ட்ரிட்ஜை மாற்றிய பிறகு அதே எண் வரும்வரை குமிழைத் திருப்புங்கள். ஒன்று 2.00, இன்னொன்று 2.04 என்று வந்தால்கூட வித்தியாசம் 0.2 டெசிபலுக்குள் அடங்கிவிடும். மீட்டர் துல்லியமானதாக இருக்க வேண்டியதில்லை, இரண்டு தடவையும் ஒரே மாதிரி தப்பாகக் காட்டினாலும் பரவாயில்லை. பத்து நிமிட வேலை.

இதைச் செய்ததும் என் புதிய கார்ட்ரிட்ஜின் பெருமையில் முக்கால் பங்கு கரைந்துபோனது. மீதிக் கால் பங்கு கரையவில்லை. நான் இதை எழுதுவதே அந்தக் கால் பங்குக்காகத்தான். "எல்லாம் மனப்பிரமை, காதை நம்பாதே" என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. காது கேட்கிறது. கேட்க விட்டால் நன்றாகவே கேட்கிறது.

இன்னும் சுத்தமாகச் சோதித்துப் பார்க்க, உடம்பு ஒன்றாகவும் ஊசி மட்டும் வேறாகவும் இருக்கும் வகைக்குப் போனேன். ஆடியோ டெக்னிக்காவின் வி.எம்.95 வரிசை அப்படிப்பட்டது. ஊசியை உருவி எடுத்து இன்னொன்றைச் செருகலாம். திருகாணியைத் தொட வேண்டாம், கோணம் மாறாது, ஊசி அழுத்தமும் அதே 2 கிராம். (உடம்பு ஒன்றுதானே என்று அசந்துவிடக் கூடாது. முனை நீள்வட்டமாக இருக்கும் ஊசிக்கு 4.0 மில்லிவோல்ட், முனையின் ஓரம் இன்னும் மெல்லிதான மைக்ரோலைன் ஊசிக்கு 3.5. இங்கேயே 1.2 டெசிபல் ஒளிந்திருக்கிறது.) நண்பர் ஒருவர் ஊசியை மாற்றினார். மாற்றினாரா, மாற்றுவது போல் சத்தம் மட்டும் எழுப்பினாரா என்று எனக்குத் தெரியாது. நான் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். சத்தத்தை அவரே சரி செய்தார்.

தட்டின் முதல் பாட்டில் பத்துக்கு ஆறு தடவை சரியாகச் சொன்னேன். நாணயத்தைச் சுண்டிப் போட்டிருந்தாலும் ஆறு வந்திருக்கும். ஆகவே அங்கே எனக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். அதே பக்கத்தின் கடைசிப் பாட்டில் பத்துக்கு ஒன்பது. குருட்டு அதிர்ஷ்டத்தில் ஒன்பதோ அதற்கு மேலோ வருவது நூற்றில் ஒரு தடவைதான்.

ஏன் கடைசிப் பாட்டில் மட்டும்? தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்றுதான் சுற்றுகிறது, முதலிலிருந்து கடைசிவரை. ஆனால் வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் நொடிக்கு ஏறத்தாழ 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது 21 சென்டிமீட்டர்தான். அதே நொடிக்கான இசையைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் அடைத்தாக வேண்டும். 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை வெளியே 51 மைக்ரான் நீளம், உள்ளே 21 மைக்ரான். உருண்டை முனை ஊசியின் ஆரமே சுமார் 15 மைக்ரான். அவ்வளவு பெரிய முனை அந்த நெளிவுகளுக்குள் இறங்காது, மேலாகத் தடவிக்கொண்டு போய்விடும். நீள்வட்ட ஊசியின் ஓரம் சுமார் 8 மைக்ரான், கொஞ்சம் இறங்கும். மைக்ரோலைனின் ஓரம் ஏறத்தாழ 3.

காதில் இது எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். பெண் குரலில் 'ஸ்', 'ஷ்' வரும் இடங்களைக் கவனியுங்கள். முதல் பாட்டில் அது நாக்கிலிருந்து வருகிறது. கடைசிப் பாட்டில் நீள்வட்ட ஊசியில் அதே 'ஸ்' குரலை விட்டுக் கழன்று, எண்ணெயில் தண்ணீர் பட்டது மாதிரித் தனியாகத் தெறிக்கிறது. மைக்ரோலைனில் அது திரும்ப நாக்குக்கே போய்விடுகிறது. நான் ஒன்பது தடவை சரியாகச் சொன்னதற்குக் காரணம் இந்த ஒன்றே ஒன்று. அடிநாதம், மேடை அகலம் (கலைஞர்கள் எதிரே விரிந்து நிற்பது போன்ற தோற்றம்), ஆழம் என்று நான் முன்பெல்லாம் பட்டியல் போட்டுக்கொண்டிருந்த எதுவும் எனக்கு உதவவில்லை.

அதனால்தான் கார்ட்ரிட்ஜ் ஒப்பிடுகிறவர்களிடம் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன், முதல் பாட்டைப் போட்டு முடிவு செய்யாதீர்கள். கடைசிப் பாட்டைப் போடுங்கள். அதிலும் நிறையக் குரல், நிறையத் தந்தி இருக்கிற பாட்டாக எடுங்கள்.

ஒரே கார்ட்ரிட்ஜைப் பற்றி இருவர் நேர்மாறாகப் பேசுவதையும் நாம் பார்க்கிறோம். ஒருவர் "கூர்மை காதைக் கிழிக்கிறது" என்பார், மற்றவர் "மந்தம்" என்பார். இருவரும் கேட்டதைத்தான் சொல்கிறார்கள். ஊசியோடு சேர்ந்து காந்தம் அசையும் மூவிங் மேக்னட் வகையில் கம்பிச்சுருளின் இண்டக்டன்ஸும் (மின்தூண்டல்), வயரிலும், கார்ட்ரிட்ஜின் சின்ன மின்னழுத்தத்தைப் பெருக்கும் ஃபோனோ ஸ்டேஜிலும் உள்ள கெப்பாசிட்டன்ஸும் (மின்தேக்கம்) சேர்ந்து மேல்சுருதியில் ஒரு மேட்டை உண்டாக்குகின்றன. 500 மில்லிஹென்றி சுருளோடு மொத்தம் 200 பிக்கோஃபாரட் சேர்ந்தால் அது 16 கிலோஹெர்ட்ஸ் பக்கம் விழும். வயர் நீண்டு அது 400 ஆகிவிட்டால் 11க்கு இறங்கிவிடும். 11 என்பது காது நன்றாகக் கேட்கும் இடம். ஆகவே அந்த இருவரும் கார்ட்ரிட்ஜை ஒப்பிடவில்லை, வயரை ஒப்பிட்டிருக்கிறார்கள். அப்புறம் கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையான டோன்ஆர்மின் கனம் வேறு இருக்கிறது. டெனான் டி.எல்.103 மாதிரி விறைப்பான கார்ட்ரிட்ஜை லேசான கையில் மாட்டிவிட்டு அதைத் திட்டுவது நியாயமில்லை.

இனி ஸ்பீக்கர். கார்ட்ரிட்ஜுக்கு நான் சொன்ன அத்தனை நுணுக்கமும் இங்கே தேவைப்படாது, ஏனென்றால் வித்தியாசம் மிகப் பெரியது. இரண்டு ஸ்பீக்கர்களை யார் வேண்டுமானாலும் பிரித்துச் சொல்லிவிடலாம். ஆனால் எது நல்லது என்று சொல்வதுதான் கஷ்டம். ஏனென்றால் நாம் கேட்பது ஸ்பீக்கரும் அறையும் சேர்ந்த ஒன்றை. பின்சுவரிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி வைத்த ஸ்பீக்கரில், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 143 ஹெர்ட்ஸ் அருகே நேர் ஒலியை அடித்துச் சாப்பிட்டுவிடும். ஒரு மீட்டர் தள்ளினால் அந்தக் குழி 86க்கு நகரும். இரண்டு ஜோடியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கும்போது ஒன்று நல்ல இடத்திலும் மற்றொன்று மோசமான இடத்திலும் நிற்கும். தோற்றது ஸ்பீக்கரா, இடமா? இடத்தை மாற்றி வைத்து இன்னொரு தடவை கேட்காதவரை யாருக்கும் தெரியாது.

ஸ்பீக்கர் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தில் இதற்காகவே ஓர் அறை கட்டினார்கள். ஒலியை மறைக்காத திரைக்குப் பின்னால் ஒரு பொறி, சில நொடிகளில் ஒரு ஸ்பீக்கரை விலக்கி அதே இடத்தில் அடுத்ததைக் கொண்டுவந்து நிறுத்தும். அந்த அறை வருவதற்கு முன்பே அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் செய்து 1994இல் வெளியிட்ட ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அதே ஆட்கள், அதே ஸ்பீக்கர்கள், ஒரு முறை கண்ணால் பார்த்து, ஒரு முறை பார்க்காமல். மதிப்பெண்கள் மாறின. அது எதிர்பார்த்ததுதான். என்னை உலுக்கியது இன்னொன்று. பார்க்காமல் கேட்டபோது, ஸ்பீக்கரை இடம் மாற்றினால் அந்த வித்தியாசம் மதிப்பெண்ணில் தெரிந்தது. பார்த்துக் கேட்டபோது அதுவும் பெருமளவு மங்கிவிட்டது. கண், அங்கே இல்லாத ஒன்றைச் சேர்க்கிறது என்பது மட்டுமில்லை, காதுக்கு உண்மையில் கேட்பதையும் மறைத்துவிடுகிறது.

வீட்டில் அந்தப் பொறிக்கு வழியில்லை. ஒரு மெல்லிய துணியும், ஒரே ஒரு ஸ்பீக்கரும் போதும். ஆமாம், ஒன்றுதான். மோனோவில் கேட்டால் குறை சட்டென்று வெளிப்படும், ஸ்டீரியோவில் மேடையும் அகலமும் அதை மூடிவிடும்.

கேட்பதற்கு எதைப் போடுவது? எடிசனின் நிறுவனம் 1915 முதல் மேடைகளில் பாடகரையும் ஃபோனோகிராஃபையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, விளக்கை அணைத்து, எது எது என்று கூட்டத்தைக் கேட்டது. மக்கள் குழம்பினார்கள். ஆனால் பாடகர்கள் தட்டின் சத்தத்துக்கும் தன்மைக்கும் தங்கள் குரலை அடக்கிக்கொண்டார்கள். மறுபடியும் அதே சத்தக் கணக்கு. நிஜக் குரலை ஸ்பீக்கருக்காக வளைக்காமல், ஸ்பீக்கரை நிஜக் குரலின் அளவுக்குக் கொண்டுவந்தால் அது மிக நல்ல சோதனை.

நான் அம்மாவின் குரலைப் பதிந்தேன். மொட்டை மாடியில், சுவர் எதிரொலி சேராமல், செய்தித்தாளை வாசிக்கச் சொல்லிப் பத்து நிமிடம். வீட்டுக்குள் அவர் பேசும் சத்த அளவை அதே இடத்தில் ஃபோனில் அளந்து, அதற்கு ஸ்பீக்கரைக் கொண்டுவந்தேன். அப்போது கையில் இரண்டு ஜோடி இருந்தது, ஒன்று நான் ஏற்கெனவே மனதில் முடிவு செய்துவைத்திருந்தது. இசையில் அது அவ்வளவு கம்பீரமாக இருந்தது. அதில் அம்மா குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவது போல் கேட்டார். 'ம', 'ன' எல்லாம் வீங்கி இருந்தன. இருபது வருடமாக இசை கேட்கிறேன், இந்த வீக்கத்தைத்தான் கம்பீரம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மற்றதைப் போட்டேன். அரை நிமிடம் ஓடியிருக்கும். பக்கத்து அறையிலிருந்து அக்கா குரல் கொடுத்தார்: "யார்கிட்டம்மா பேசிட்டிருக்க? யாரு வந்திருக்கா?" அம்மா அப்போது பின்னறையில் தூங்கிக்கொண்டிருந்தார்.

அந்த ஜோடிதான் இப்போது வீட்டில் இருக்கிறது, பின்சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி. கார்ட்ரிட்ஜைப் பற்றி நான் சொன்னதை நம்பாதவர்களுக்கு ஒன்று: கடைசிப் பாட்டின் இரண்டு நிமிடத்தை இரண்டு ஊசியிலும் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்து, சத்தத்தைச் சமமாக்கி வைத்திருக்கிறேன். கோப்புகளுக்கு 'அ', 'ஆ' என்று மட்டும் பெயர். கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன். பத்துத் தடவை கேட்டுவிட்டு, எதில் 'ஸ்' நாக்கிலிருந்து வருகிறது என்று எழுதி அனுப்புங்கள். எது எந்த ஊசி என்று அதற்குப் பிறகு சொல்கிறேன்.