குலம் மாறிய கில்ட்

(நியூயார்க், ஆறாவது அவென்யூ. ஏப்ரல் மாதச் சனிக்கிழமை. ஸ்காட்லாந்து வம்சத்தார் கொண்டாடும் டார்ட்டன் நாள் ஊர்வலம் கிளம்பப் போகிறது. பில் கில்ட் உடுத்தியிருக்கிறான்: ஸ்காட்லாந்து ஆண்களின் கட்டம் போட்ட பாவாடை. பின்னால் பேக்பைப்காரர்கள் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். சேர்ந்தபாடில்லை.)

பில்: நான்சி, இந்தக் கில்ட்டை எங்கே வாங்கினாய்?

நான்சி: தள்ளுபடியில். ஏன், இடுப்பில் நிற்கவில்லையா?

பில்: இடுப்பில் நிற்கிறது. வம்சத்தில்தான் நிற்கவில்லை. என் பாட்டி மெக்டொனால்ட் குலம். இதுவோ எதிரிக் குலமான கேம்ப்பெல்களின் கட்டம்!

நான்சி: பச்சை, நீலம், கறுப்பு. நன்றாகத்தானே இருக்கிறது?

பில்: 1692 பிப்ரவரியில் ஸ்காட்லாந்தின் கிளென்கோவில் என்ன நடந்தது தெரியுமா? ஒரு கேம்ப்பெல்லின் தலைமையில் சிப்பாய்கள் வந்து மெக்டொனால்ட் வீடுகளில் தங்கினார்கள். ஏறக்குறைய இரண்டு வாரம் ஓசிச் சாப்பாடு, கூடவே சீட்டாட்டம். அப்புறம் ஒருநாள் விடியும் முன்பே எழுந்து, சாப்பாடு போட்டவர்களையே கொன்றார்கள். சுமார் 38 பேர்!

நான்சி: அடப்பாவமே. ஆனால் அந்தச் சாப்பாட்டில் இந்தக் கில்ட்டுக்கு என்ன பங்கு?

பில்: அந்த ஊர் விடுதி ஒன்றில் இன்றைக்கும் பலகை இருக்கிறது: ‘கூவி விற்பவர்களுக்கும் கேம்ப்பெல்களுக்கும் இடமில்லை.’

நான்சி: சரி, உன் மரபணுச் சோதனையில் ஸ்காட்லாந்து எத்தனை சதவீதம்?

பில்: பதினொன்று.

நான்சி: மீதி?

பில்: போலந்து. இன்றைக்கு அந்தப் பேச்சு வேண்டாம்.

நான்சி: கடைக்காரர் இதைப் ‘பிளாக் வாட்ச்’ என்றார். பட்டாளத்துக் கட்டமாம், யார் வேண்டுமானாலும் உடுத்தலாமாம்.

பில்: கேம்ப்பெல்களும் அதையேதான் உடுத்துகிறார்கள்! 1746-இல் ஸ்காட்லாந்தின் மலைநாடான ஹைலேண்டில் ஆண்கள் கில்ட் உடுத்தக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். 1782 வரை தடை. பட்டாளத்துக்கு மட்டும் விலக்கு.

நான்சி: பார்த்தாயா! போலீஸ் வந்தாலும் உன் ஒருவனைத்தான் விடுவார்கள்.

பில்: விளையாடாதே. 1320-இல் ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் போப்பாண்டவருக்கு எழுதிய சுதந்திரக் கடிதத்தைக் கொண்டாடும் ஊர்வலம் இது. 2002-இல் ஜேம்ஸ் பாண்ட் நடிகர் ஷான் கானரியே முன்னால் நடந்திருக்கிறார்.

நான்சி: அந்தக் கடிதத்தில் திட்டு வாங்கியது இங்கிலாந்து ராஜாதானே? கேம்ப்பெல் இல்லையே. அதோ, அந்த ஸ்காட்டி நாய்கூடக் கட்டம் போட்டிருக்கிறது. நீ என்ன குலம் என்று யாராவது அதைக் கேட்டார்களா?

(டிரம் அதிர்கிறது. பைப்புகள் ஒருவழியாகச் சேர்ந்து ஒலிக்கின்றன.)

நான்சி: பில், கேம்ப்பெல் பதாகை பிடித்தவர்கள் உன்னைப் பார்த்துக் கை காட்டுகிறார்கள்.

பில்: திரும்பாதே! நாம் பார்க்காத மாதிரி நிற்போம்.

நான்சி: ஊர்வலம் முடிந்ததும் சாப்பாடு இருக்கிறதாம். விஸ்கியும் உண்டாம்.

பில்: (கில்ட்டைச் சரிசெய்தபடி) இரண்டு வாரம் நம் வீட்டில் தின்றவர்கள். ஒருவேளையாவது திருப்பி வாங்க வேண்டாமா? நட, நட!