பலாச்சுளையும் 32 எழுத்துச் சீட்டும்

(கடலூர், மஞ்சக்குப்பம். மாமாவின் பழக்கடை. வீட்டில் கரண்ட் இல்லை என்று மாப்பிள்ளை லேப்டாப்போடு கடையில் வந்து உட்கார்ந்திருக்கிறார்.)

மாமா: ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் மாடியில் லைட் எரிந்ததே மாப்பிள்ளை, என்ன விஷயம்?

மாப்பிள்ளை: கேஷ் பிரச்சினை மாமா.

மாமா: ராத்திரியில் உட்கார்ந்து எண்ணுகிற அளவுக்கா சேர்ந்துவிட்டது?

மாப்பிள்ளை: அந்தக் கேஷ் இல்லை. இது உங்கள் ஃப்ரிட்ஜ் மாதிரி. பண்ருட்டிப் பலாச்சுளை ஃப்ரிட்ஜில் இருந்தால் உடனே கொடுப்பீர்கள், அது ஹிட். இல்லையென்றால் பையனைப் பண்ருட்டி பஸ்ஸில் ஏற்றிவிடுவீர்கள், அது மிஸ். வெப்சைட்டின் சர்வர்தான் பண்ருட்டி என்றால், அதற்கு முன்னால் நின்று பக்கங்களை எடுத்துவைத்துக் கொடுக்கிற கேஷிங் ப்ராக்ஸிக்கும் இதுதான் பிழைப்பு.

மாமா: எங்கள் பையன் பஸ்ஸையே மிஸ் பண்ணிவிட்டு வருவான்.

மாப்பிள்ளை: அங்கேதான் வருகிறேன். லேட் என்று ஆள் கத்துகிறார். கடையில் லேட்டா, பஸ்ஸில் லேட்டா, பண்ருட்டியில் லேட்டா? அது தெரியத்தான் டிரேஸிங். ஆர்டருக்கு ஒரு சீட்டு. எந்தக் கைக்குப் போனாலும் வந்த நேரம், போன நேரம் எழுத வேண்டும்.

மாமா: ரேஷன் கடை டோக்கன்.

மாப்பிள்ளை: கிட்டத்தட்ட. ஆனால் நம்பரே 32 எழுத்து. கொடுத்துவிட்ட கையின் அடையாளம் வேறு 16 எழுத்து. எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி எழுத வேண்டும் என்று 2020-இல் வெப்புக்கு விதி வகுக்கிற டபிள்யூ3சி அமைப்பு விதியே போட்டுவிட்டது.

மாமா: நம்பரைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் பழம் அழுகிவிடுமே!

மாப்பிள்ளை: மெஷின் படிக்கும், விடுங்கள். நம் ப்ராக்ஸி சாஃப்ட்வேரான இன்ஜின்எக்ஸில் டிரேஸ் ஆன் என்று ஒரு வரி போட்டுவிட்டு, ஆச்சு என்று படுக்கப் போனேன். வந்த சீட்டை வாங்கிக் கைமாற்றிவிடு என்பதற்குத் தனி வரி, ப்ராபகேட் என்று. அதை மறந்துவிட்டேன். ப்ராக்ஸி தனக்கென்று புதுச் சீட்டு கிழித்துக்கொண்டது, வந்த சீட்டு அப்படியே பண்ருட்டிக்குப் போய்விட்டது. கணக்கைப் பார்த்தால் வாடிக்கையாளர் நேராகப் பண்ருட்டியிலேயே வாங்கியிருக்கிறார். நடுவில் நம் கடையே இல்லை.

மாமா: கடையே இல்லையா? வாடகையை மட்டும் நான் ஏன் கட்டுகிறேன்?

மாப்பிள்ளை: அதைச் சரி பண்ணினால் அடுத்தது. பண்ருட்டியிலிருந்து வரும் பதிலின் மேல் சீட்டு நம்பர் ஒட்டியிருக்கும். ப்ராக்ஸி அதை நம்பரோடு சேர்த்தே ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டது. அப்புறம் அதே பக்கத்தைக் கேட்ட அத்தனை பேருக்கும் முதல் ஆளுடைய நம்பர்தான்!

மாமா: அடடா, நம் கடையிலும் நடந்ததே! பெரிய டப்பா மேல் பையன் "வாத்தியார் வீடு" என்று ஒட்டிவிட்டான். அதிலிருந்து எடுத்துக் கொடுத்த பொட்டலமெல்லாம் வாத்தியார் கணக்கில் ஏறிவிட்டது. "நான் ஒருத்தன் எத்தனை சுளைதான் தின்பேன்?" என்று வாசலில் வந்து நின்றார்.

மாப்பிள்ளை: இதேதான் மாமா! பழைய சீட்டை மறைத்துவிட்டு, வாங்குகிறவர் நம்பரைப் புதிதாக ஒட்டு என்று ரெண்டு வரி. அதைக் கண்டுபிடிக்கத்தான் ரெண்டு மணி ஆனது.

மாமா: நம் கடைக்கும் போடு. பையன் எங்கே டிமிக்கி கொடுக்கிறான் என்று பார்த்துவிடுவோம்.

மாப்பிள்ளை: காலையிலிருந்து எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். இதோ ஒரு சீட்டு. கால் கிலோ சுளை, ஹிட். ஃப்ரிட்ஜிலிருந்து எடுக்கப் பத்து விநாடி. பொட்டலம் கட்ட அரை நிமிடம். கல்லாவில் பதினோரு நிமிடம்.

மாமா: கல்லாவிலா? அங்கே யார் இருந்தது?

மாப்பிள்ளை: நீங்கள்தான். தேவனாம்பட்டினத்தில் வஞ்சிரம் என்ன விலை என்று ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அந்த அம்மா நூறு ரூபாயை நீட்டியபடியே நின்றார்.

(மாமா சீட்டை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைக்கிறார்.)

மாமா: எல்லா ஆர்டருக்கும் எழுதியே ஆக வேண்டுமா?

மாப்பிள்ளை: வேண்டாம். நூற்றில் ஒன்றுக்கு மட்டும் எழுதினாலும் போதும். சாம்பிளிங் என்பார்கள்.

மாமா: அப்படியென்றால் அந்த ஒன்றை உன் அத்தை கல்லாவில் உட்காரும்போது எடு.