விருப்பப் பாடமாம், யாருடைய விருப்பம்?

ராத்திரி ஒன்பதரைக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு கூகுள் ஃபார்ம் வந்து விழுந்தது. "எலெக்டிவ் சாய்ஸ்" என்று தலைப்பு. அடுத்த நிமிடமே எங்கள் சி.ஆரின் (வகுப்புப் பிரதிநிதி) செய்தி: "மச்சி, எல்லாரும் ரெண்டாவது ஆப்ஷனையே போட்டுடுங்க. ஹெச்.ஓ.டி. (துறைத் தலைவர்) சொல்லிட்டாங்க. மாத்திப் போட்டா திரும்ப ஃபார்ம் அனுப்புவாங்களாம்."

இதற்கு எதற்கு ஐயா ஃபார்ம்?

எங்கள் 2021 ரெகுலேஷன் பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள். டேட்டா சயின்ஸ், ஃபுல் ஸ்டாக், கிளவுட், சைபர் செக்யூரிட்டி என்று பிரிவு பிரிவாக எலெக்டிவ் பட்டியல் நீள்கிறது. அதில் மாடர்ன் கிரிப்டோகிராஃபி (தகவலைப் பூட்டிக் காக்கும் மறையாக்கக் கலை) என்ற பெயரை இரண்டாம் ஆண்டிலேயே பென்சிலால் வட்டமிட்டு வைத்தவன் நான். டீக்கடையில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பதினைந்து ரூபாய் அனுப்புகிறோமே, அதற்குப் பின்னால் என்ன பூட்டு, என்ன சாவி என்று ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்று ஓர் ஆசை. அந்தப் பூட்டுகளே இப்போது மாறிக்கொண்டிருக்கின்றன. போதுமான அளவு பெரிய குவாண்டம் கணினி வந்தால், பரவலாகப் பயன்படும் ஆர்.எஸ்.ஏ. என்ற பூட்டு தாங்காது என்பதை கணித அறிஞர் பீட்டர் ஷோர் 1994-லேயே காட்டிவிட்டார். அதற்கு ஈடுகொடுக்கும் முதல் மூன்று தரங்களை அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் இறுதி செய்து வெளியிட்டது. இதைப் படிக்க இதைவிட நல்ல நேரம் உண்டா?

ஃபார்மில் அந்தப் பாடமே இல்லை. இருந்தது இரண்டு ஆப்ஷன். முதலாவது சும்மா துணைக்கு. இரண்டாவது சாஃப்ட்வேர் டெஸ்டிங்.

மறுநாள் டிபார்ட்மென்டுக்குப் போய்க் கேட்டேன். "தம்பி, அதுல மேத்ஸ் ஜாஸ்தி. பாதிப் பேர் அரியர் வைப்பீங்க. டிபார்ட்மென்ட் ரிசல்ட் என்னாகும்?" என்றார்கள். ஆக, நான் எதைப் படிக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது பாஸ் பர்சன்டேஜ். சரி, ஆன்லைன் பாடத் தளமான என்.பி.டி.இ.எல்.லில் பன்னிரண்டு வாரப் பாடமாகப் படித்து, ஆயிரம் ரூபாய் பரீட்சைக் கட்டணத்தை நானே கட்டி, கிரெடிட்டை மாற்றிக்கொள்கிறேன் என்றேன். "அதெல்லாம் போன செமஸ்டரிலேயே லெட்டர் கொடுத்திருக்கணும்." போன செமஸ்டரில் யாராவது சொன்னார்களா? அதுவும் இல்லை.

மேத்ஸ் வராதாம்! 2002-ல் ஒரு எண் பகா எண்ணா இல்லையா என்று உறுதியாக, வேகமாகக் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்லி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது ஐ.ஐ.டி. கான்பூர். மணீந்திர அகர்வால் பேராசிரியர். உடன் இருந்த நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் அப்போதுதான் பி.டெக். முடித்திருந்த பையன்கள். அவர்களுடைய கடைசி ஆண்டு புராஜெக்டில் தொடங்கிய வேலை அது. நாங்கள் எல்லோரும் அப்படி ஆகிவிடுவோம் என்று சொல்லவில்லை. அறுபது பேரில் நாலு பேருக்கு ஆசை இருந்தால் அந்த நாலு பேரை எங்கே அனுப்புவீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஆசிரியர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அந்தப் பாடத்தை எடுக்கக்கூடிய சார் போன வருடமே வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். இருக்கிற மேடம் மூன்று பாடம் எடுக்கிறார். மே மாதம் வந்தால் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீடு வீடாக அட்மிஷனுக்கு அலைகிறார். இவரிடம் போய் கிரிப்டோகிராஃபியில் வரும் எலிப்டிக் கர்வ் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? ஆள் எடுக்க வேண்டியது நிர்வாகம். நிர்வாகமோ முன்வாசலில் புதிதாக ஆர்ச் கட்டிக்கொண்டிருக்கிறது.

டெஸ்டிங் மட்டமான பாடம் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல பாடம், வேலையும் தரும். ஆனால் நடத்துகிற அழகைப் பாருங்கள். செலினியம் என்ற டெஸ்டிங் மென்பொருளை லேபில் ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்கவில்லை. சீனியரின் ஸ்கிரீன்ஷாட்டை பிரின்ட் எடுத்து, ரெகார்ட் நோட்டில் ஃபெவிகால் போட்டு ஒட்டினோம். என் நோட்டில் ஒட்டியிருக்கும் படத்தின் மூலையில் தேதி தெரிகிறது: 2023. மேடம் அதன் மேலேயே சிவப்பு மையில் டிக் போட்டிருக்கிறார்.

பிளேஸ்மென்ட் இன்டர்வியூவில் ஒருவர் மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு, "டெஸ்டிங் எலெக்டிவ் எடுத்திருக்கீங்க, ஏன் அதைத் தேர்ந்தெடுத்தீங்க?" என்று கேட்டார். குவாலிட்டி மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆர்வம் என்று கூசாமல் சொன்னேன். அவர் சிரித்தார். அவரும் ஏதோ ஒரு கல்லூரியில் இரண்டாவது ஆப்ஷனைப் போட்டவராக இருக்கும்.

இன்று அடுத்த செமஸ்டருக்கான ஃபார்ம் வந்திருக்கிறது. நாளை மாலை ஐந்து மணிக்குள் நிரப்ப வேண்டுமாம். இந்தத் தடவை சி.ஆருக்குச் செய்தி போடும் வேலைகூட இல்லை, ஆப்ஷனே ஒன்றுதான். அதன் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் வேறு: கட்டாயம் பதிலளிக்க வேண்டிய கேள்வி.