ஐ.ஜி. ஃபார்பன் ஆவணங்கள் எல்லாம் எரியவில்லை
"ஐ.ஜி. ஃபார்பனின் காகிதங்கள் 1945-இலேயே எரிந்துவிட்டன, மின்னாக்கம் செய்ய எதுவும் இல்லை" என்று, நாஜிக் கால ஜெர்மனியின் மாபெரும் வேதிப்பொருள் நிறுவனமான ஐ.ஜி. ஃபார்பனைப் பற்றிய உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் உண்மை. போர் முடியும் தறுவாயில் நிறையவே எரித்தார்கள். ஆனால் 1947-48 நியூரம்பெர்க் போர்க்குற்ற வழக்கில் அந்நிறுவன நிர்வாகிகளுக்கு எதிராகப் பேசியவை அவர்களுடைய சொந்தக் கடிதங்களும் கூட்டக் குறிப்புகளும்தான். வழக்குக்காக 'என்.ஐ.' (நியூரம்பெர்க், தொழிலதிபர்கள்) என்று எண்ணிட்ட அந்தத் தாள்கள் இன்றும் இருக்கின்றன. ஐ.ஜி. ஃபார்பனில் இணைந்திருந்த பேயர், பிஏஎஸ்எஃப் நிறுவனங்களின் காப்பகங்களும் லெவர்குசனிலும் லுட்விக்ஸ்ஹாஃபனிலும் இருக்கின்றன.

மின்னாக்கத்தில் உண்மையான சிக்கல் வேறு. 19-ஆம் நூற்றாண்டுக் கடிதங்களின் குர்ரென்ட் என்ற பழைய ஜெர்மன் கூட்டெழுத்தில் e, n ஆகிய இரண்டு எழுத்துகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். ஸ்கேன் செய்தாலும் கணினி தடுமாறும்.

ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாம் அருகே அடிமை உழைப்பில் எழுந்த ஐ.ஜி. ஃபார்பன் தொழிற்சாலைக்கான சாட்சியமும் அந்த 'என்.ஐ.' தாள்களில் இருக்கிறது. தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள்.