இனிப்பை விழுங்கிய கடை வாடகை

சுகர்ஃபினா என்ற அமெரிக்க மிட்டாய் நிறுவனம் திவாலானதைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "மிட்டாய்க்கு இவ்வளவு விலை வைத்தால் வேறென்ன நடக்கும்?" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்த விலையைக் கொடுக்க ஆட்கள் இருந்தார்கள், விரும்பியே கொடுத்தார்கள்.

பார்பி பொம்மைகளின் சந்தைப்படுத்தல் பிரிவில் வேலை பார்த்த ரோசி ஓ'நீல், வீடியோ கேம் துறையிலிருந்து வந்த ஜாஷ் ரெஸ்னிக் இருவரும் 2012-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய நிறுவனம் அது. பெரியவர்களுக்கென்று ஒரு மிட்டாய்க்கடை. இதுதான் அவர்கள் யோசனை. முதலில் இணைய விற்பனை, பிறகு பெவர்லி ஹில்ஸில் கடை.

அவர்கள் மிட்டாய் அடைத்து விற்ற பெட்டியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்கும் கண்ணாடி போன்ற சதுரப் பெட்டி. உள்ளே இளஞ்சிவப்பிலும் பொன்னிறத்திலும் ஷாம்பெயின் சுவையுள்ள குட்டிக் கரடி மிட்டாய்கள். நமக்குப் பிடித்த சில பெட்டிகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால், ஜப்பானிய பென்டோ உணவுப் பெட்டியைப் போன்ற ஒன்றில் வரிசையாக அடுக்கித் தருவார்கள். மூடியைத் திறந்தால் நகைப்பெட்டிதான். பல ஊர்களில் மிட்டாய் தயாரிப்பவர்களிடமிருந்து வாங்கிய சரக்கு அது. மற்றவர்களாலும் அப்படி வாங்கிவிட முடியும். பெட்டி மட்டும்தான் அவர்களுடையது. 2017-ல் ஸ்வீட் பீட்ஸ் என்ற இன்னொரு மிட்டாய் நிறுவனத்தின் மீது பெட்டி வடிவமைப்பைக் காப்பியடித்ததாக அவர்கள் வழக்குத் தொடுத்ததில் எனக்கு வியப்பே இல்லை.

2016 ஏப்ரல் முட்டாள்கள் தினத்தில், பச்சைக் காய்கறிச் சாற்றில் செய்த கரடி மிட்டாய் வருகிறது என்று வேடிக்கையாக அறிவித்தார்கள். ஜனங்கள் உண்மையாகவே கேட்கத் தொடங்கிவிட்டார்கள்; அதைச் செய்தே விற்றார்கள். இப்படியொரு வரவேற்பைப் பெற ஒரு சதுர அடி வாடகை இடம்கூடத் தேவைப்படவில்லை.

ஆனால் கடைகள் பெருகின. அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 40-ஐத் தாண்டின. என் பார்வையில் தவறு இங்கேதான். அவர்கள் விற்றது பரிசுப் பொருள். காதலர் தினம், ஈஸ்டர், கிறிஸ்துமஸ் என்று பரிசுக்குப் பருவம் உண்டு. வாடகைக்கு அது கிடையாது. பெரிய வணிக வளாகங்களில் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் பல ஆண்டுகளுக்கானவை. வாடகையோடு பொதுவிடப் பராமரிப்புக் கட்டணமும் சேரும், உள் அலங்காரச் செலவு தனி. தோழியின் பிறந்தநாளுக்கு ஒரு பெட்டி வாங்கிய பெண் அடுத்த வாரமே மீண்டும் வரப்போவதில்லை. ஆளில்லாத ஜூலை மாதப் பிற்பகலிலும் விளக்கு எரிய வேண்டும், ஊழியர் நிற்க வேண்டும்.

2019 செப்டம்பரில், நிறுவனத்தை நடத்திக்கொண்டே கடனைச் சீரமைக்க வழிவிடும் அமெரிக்கத் திவால் சட்டத்தின் 11-ஆவது அத்தியாயத்தின் கீழ் மனு போட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் பிரிஸ்டல் லக்சுரி குரூப் என்ற நிறுவனம் சுகர்ஃபினாவை வாங்கிக்கொண்டது. பெயரும் பெட்டியும் பிழைத்தன.

விலைதான் கொன்றது என்பவர்கள் இட்சுகர் என்ற இன்னொரு அமெரிக்க மிட்டாய்க்கடை நிறுவனத்தையும் பார்க்கட்டும். கண்ணைப் பறிக்கும் நிறங்கள், ராட்சத அளவு மிட்டாய்கள், கும்மாளமான கடைகள்; ரசனையில் சுகர்ஃபினாவுக்கு நேரெதிர். கொரோனாவில் கடைகளை மூட நேர்ந்தபின், 2020 செப்டம்பரில் அவர்களும் அதே 11-ஆவது அத்தியாயத்தைத்தான் நாடினார்கள். 2021-ல் மீண்டு வந்தார்கள். சுகர்ஃபினாவுக்குக் கொள்ளைநோய் என்ற காரணம்கூட இல்லை, அது உண்மை. என்றாலும் இரண்டையும் அழுத்தியது ஒரே சுமை: வாங்குபவர் வந்தாலும் வராவிட்டாலும் கட்டியாக வேண்டிய வாடகை.

அந்த 11-ஆவது அத்தியாயம் நிறுவனத்துக்குப் பெரிய வசதி. கட்டுப்படியாகாத குத்தகைகளை உதறலாம், கடையைத் திறந்து வைத்துக்கொண்டே கடன்களைச் சீரமைக்கலாம். வேலைகள் ஓரளவு தப்புகின்றன என்பதால் நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால் கடனுக்குச் சரக்கு அனுப்பிய மிட்டாய்த் தயாரிப்பாளரை நினைத்தால் ஆத்திரமாக வருகிறது. பிணையம் வாங்கிக்கொண்டு பணம் கொடுத்தவர்கள் வரிசையில் முன்னால் நிற்கிறார்கள். பில்லை மட்டும் நம்பி சரக்குக் கொடுத்தவர் பின்னால் நிற்கிறார். மனுவுக்கு முந்தைய 20 நாட்களில் போய்ச் சேர்ந்த சரக்குக்கு மட்டும் சட்டம் முன்னுரிமை தருகிறது. அதற்கு முன்பு அனுப்பியதற்கு, எல்லாரும் எடுத்தது போக மிஞ்சியதில்தான் பங்கு. எத்தனை கடை திறப்பது என்று முடிவெடுத்த கூட்டத்தில் அவருக்கு நாற்காலியே போடப்படவில்லை.