நெட்வொர்க் டார்கெட் வந்தால் இணைப்பு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை

சிஸ்டம்டி (பூட் ஆகும்போது மற்ற நிரல்களைத் தொடங்கும் மென்பொருள்) உள்ள லினக்ஸில், ஒரு சர்வீஸை, அதாவது பின்னணி நிரலை, எப்படித் தொடங்குவது என்று சொல்லும் சர்வீஸ் ஃபைலில் 'ஆஃப்டர்=நெட்வொர்க்.டார்கெட்' (அந்த டார்கெட் என்ற கட்டத்துக்குப் பிறகு தொடங்கு) என்று எழுதினால், இணைப்பு கிடைத்த பிறகுதான் அந்த சர்வீஸ் தொடங்கும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அது சரியல்ல. பூட் ஆகும்போது அந்த டார்கெட் சொல்வது, நெட்வொர்க்கை நிர்வகிக்கும் மென்பொருள் ஓடத் தொடங்கிவிட்டது என்பதை மட்டும்தான். ஐபி முகவரி சில விநாடிகள் கழித்தும் வரலாம். அந்த இடைவெளியில் தொடங்கும் சர்வீஸ்தான் 'நெட்வொர்க் இஸ் அன்ரீச்சபிள்' என்று விழுகிறது. காத்திருக்க வேண்டுமென்றால் 'நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்' போடுங்கள், வரிசையை மட்டும் சொல்லும் ஆஃப்டரில் போட்டால் போதாது, அந்த டார்கெட்டையும் தொடங்கச் சொல்லும் வான்ட்ஸிலும் வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான்.

நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ரீபூட் செய்துவிட்டு, இந்த பூட்டின் பதிவுகளைக் காட்டும் 'ஜர்னல்சிடிஎல் -பி' கட்டளையைக் கொடுங்கள். நெட்வொர்க்.டார்கெட்டை எட்டிய வரியின் நேரத்தையும், டிஹெச்சிபி (தானாக ஐபி முகவரி தரும் முறை) வழியாக முகவரி கிடைத்த வரியின் நேரத்தையும் ஒப்பிடுங்கள். 'மேன் சிஸ்டம்டி.ஸ்பெஷல்' என்ற உதவிப் பக்கத்திலும் இது இருக்கிறது.