444 அனுமதி கோப்பை அழியாமல் காக்காது

பங்காளிகளுக்குப் பொதுவான வீட்டின் பழைய பத்திரங்களையும் கணக்கேடுகளையும் ஸ்கேன் செய்து லினக்ஸ் கணினியில் சேர்த்து வைத்திருப்போரிடையே, "கோப்புக்கு 444 அனுமதி கொடுத்துவிட்டால் அதை யாராலும் அழிக்க முடியாது" என்றொரு வாட்ஸ்அப் செய்தி காரைக்குடி வட்டாரத்தில் சுற்றி வருகிறது. இது தவறு.

உரிமையாளர், குழு, மற்றவர் ஆகிய மூன்று தரப்புக்கும் படிக்கும் அனுமதி மட்டுமே உண்டு என்பதையே 444 குறிக்கிறது. உள்ளடக்கத்தைத் திருத்துவதைத்தான் அது தடுக்கும். அழிப்பதோ, கோப்புறையின் பட்டியலிலிருந்து ஒரு பெயரை நீக்கும் செயல் என்பதால், அந்தக் கோப்புறையில் எழுதவும் நுழையவும் அனுமதி பெற்ற எவரும், கோப்பு தம்முடையதாக இல்லாவிட்டாலும், அதை அழித்துவிடலாம். கோப்பை அழிக்கும் 'ஆர்எம்' (rm) கட்டளை வழக்கமாக ஒருமுறை உறுதி கேட்கும், அவ்வளவுதான். (உரிமையாளர் நினைத்தால் 444-ஐயே மாற்றிவிடலாம் என்பது தனிக் கதை.)

பலர் எழுதும் கோப்புறைக்குத் தேவைப்படுவது, பிறர் கோப்பை நீக்குவதைத் தடுக்கும் 'ஸ்டிக்கி பிட்' என்ற கூடுதல் அனுமதிக் குறி. கோப்புறையை 1770 என அமைத்தால் (முதலில் உள்ள 1 தான் அந்தக் குறி), குழுவினர் அனைவரும் கோப்புகளைச் சேர்க்கலாம். ஆனால் ஒரு கோப்பை அதன் உரிமையாளரோ, கோப்புறையின் உரிமையாளரோ, 'ரூட்' எனும் நிர்வாகப் பயனரோ மட்டுமே நீக்க முடியும். தற்காலிகக் கோப்புகளை எல்லோரும் எழுதும் 'டெம்ப்' (/tmp) கோப்புறை வழக்கமாக 1777 என்று இருப்பதும் இதற்காகவே.